ஈரச் செங்கல் வாசனை

ஆவுடையப்பன் வீட்டுக் கணினியில் ஒரு வாரமாக இடம் குறைந்துகொண்டே வந்தது. நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு கோப்பாகச் சரிபார்த்தவர், ஏழாம் நாள் காரணத்தைப் பிடித்துவிட்டார். வீட்டு வாசனைகளைச் சேமிக்கும் பகுதி வீங்கிக் கிடந்தது. நிலாவிலிருந்தே முகர்ந்து பார்க்க அவற்றைச் சேமிக்கச் சொன்னது, அங்கே வேலை பார்க்கும் மகள் வடிவு.

"கோமதி, ஒம் மக செஞ்ச வேலையப் பாரு. பிரியாணி வாசனைன்னாலும் சரிங்கலாம். மாங்காய், நனைஞ்ச செங்கல், அடுப்புச் சாம்பல். தெனமும் பத்துத் தடவ மோந்து பாத்திருக்கா. எல்லாத்தையும் அழிக்கப் போறேன்."

பட்டியலைப் படித்த கோமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு வெவரமே பத்தாது. வடிவு வயித்துல இருக்கும்போது நான் என்னத்தத் தின்னேன்?"

"செவுத்தச் சொரண்டித் தின்னே" என்றவர், திறந்த வாயை மூடவில்லை. மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாக அவர்கள் காத்திருந்த சேதி அது.

"மூணு மாசம் ஆகட்டும்னு இருக்கா போல. அவளே சொல்லட்டும். நீங்க ஒளறிராதீங்க."

"நான் ஏன் ஒளறுதேன்?" என்ற ஆவுடையப்பன், தான் சேர்த்து வைத்திருந்த இருபது வருடக் கிரிக்கெட் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் அழித்தார். பிறகு கொல்லையில் புளியம்பிஞ்சு பறித்து வந்து, நசுக்கி, கணினியின் வாசனைத் துளையருகே வைத்தார்.