காலடி மண்

"அண்ணாச்சி, இந்த முட்டைக்கண்ணிக்கு எதுக்க என்னால உக்கார முடியாது. எடத்தை மாத்துங்க."

நூல் சுத்துற ஷெட்டில் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். எனக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

மேஸ்திரி கோமதிநாயகம் அண்ணாச்சி முறைத்தார். "வள்ளித்தாய் உன்னை என்னட்டி செஞ்சா?"

"என் கழுத்துச் செயினையே பாக்குதா. அவ பாக்க ஆரம்பிச்சதுலருந்து எனக்குக் கை நடுங்குது, நெஞ்சு அடிக்குது. மூணு தட்டுச் சோறு திங்கேன், எலும்பாப் போறேன்."

அதில் ஒரு சொல் பொய்யில்லை. பத்தாவதில் பெயிலாகி வேலைக்கு வந்த புதிதில், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எடுத்த ஜாக்கெட் இப்போது தோளில் நிற்கவில்லை.

வள்ளித்தாய் அக்கா பிதுங்கிய கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசல் ஓரம் போய் உட்கார்ந்தாள். அங்கே வெயில் அடிக்கும். அடிக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மாவும் என் கட்சிதான். "கண்ணேறுதான். அவ காலடி மண்ணு ஒரு பிடி எடுத்துட்டு வாட்டி. உப்பு, மிளகாயோட சுத்தி அடுப்புல போட்டுருவோம்."

வேலை விட்டதும் அவள் பின்னாலேயே போவேன். அவளோ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புழுதியில் வெறுங்காலோடு நடப்பாள். செருப்பு தேய்ந்துவிடுமாம், கஞ்சப் பிசினாறி! எனக்கு வசதியாகப் போயிற்று. அழுத்தமான தடமாகப் பார்த்து அள்ளித் தாவணியில் முடிந்துகொள்வேன்.

ஒன்பது நாள் சுற்றிப் போட்டோம். நடுக்கம் நிற்கவில்லை.

பத்தாம் நாள் அவளே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, பூமாரியைச் செயினைக் கழட்டிட்டு ஒரு மடக்குத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

"பாத்தியாம்மா? வீடு தேடி வந்து செயினைக் கழட்டச் சொல்லுதா!" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

அவள் சண்டைக்கு வரவில்லை. முந்தானையை விலக்கினாள். கழுத்தின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தையல் தழும்பு. அத்தனை பேர் முன்னால் காட்டினாள்.

"எனக்கும் இப்படித்தான் ஆயி ஆபரேசன் பண்ணாங்க மதினி. இவ தண்ணி முழுங்கும்போது கழுத்துல ஒரு வீக்கம் ஏறி எறங்குதான்னு மட்டும் பாருங்க."

அம்மா பார்த்தாள். ஏறி இறங்கியது.

பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "தொண்டையில தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. அதுல சுரக்கிறது ஹார்மோன். துளிதான், ஆனா ரத்தத்தோட போயி, உடம்பு எவ்வளவு வேகமா வேலை செய்யணும்னு அதுதான் சொல்லும். உனக்கு அளவுக்கு மேல சுரக்குது. அதான் நடுக்கம், படபடப்பு. திங்கிற சோறெல்லாம் எரிஞ்சு போகுது. விட்டிருந்தா இருதயத்துல கை வச்சிருக்கும். சிலருக்குக் கண்ணும் பிதுங்கும்."

"ஆபரேசன் பண்ணா கண்ணு உள்ள போயிருமா சார்?" வள்ளித்தாய் அக்காவை நினைத்துத்தான் கேட்டேன்.

"எல்லாருக்கும் போகாது."

அதற்கு மேல் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாத்திரையில் நடுக்கம் குறைந்து வேலைக்குப் போன அன்று, நேரே வாசல் ஓரத்துக்குப் போனேன். "உள்ள வா யக்கா. என் எதுக்கயே உக்காரு." இதையும் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

சாயங்காலம் சேர்ந்து நடந்தோம். அவள் காலில் செருப்பு இருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்க்கா, அப்பம் மட்டும் செருப்பைக் கழட்டிட்டு நடந்தே?"

புழுதியில் பதிந்த தன் செருப்புத் தடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ மண்ணு அள்ளுதது தெரியும் மக்கா. ஒருவேளை என் கண்ணுதானோன்னு எனக்கே பயம். செருப்புத் தடத்து மண்ணு பலிக்காதுல்லா?"