செத்த பெட்டி

“செத்துப் போச்சு,” என்றான் மச்சான், மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியை விரலால் சுண்டி. “உன் டிரைவர்தான் சாகடிச்சிருக்கு.”

அவன் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்குமே அவன் மச்சான்தான், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே சார். பெட்டிக்குள் இருக்கும் போர்டு அவன் வடிவமைத்தது. அந்த போர்டை இயக்கும் டிரைவர் நிரலை எழுதியவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் ஆகவே ஆகாது.

அது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வைக்கிற பெட்டி. நோயாளி முனகினால் போதும், நர்ஸ் அறையில் கேட்கும். பேச எதையும் அழுத்தத் தெம்பில்லாதவர்களுக்காக அதன் மைக் எந்நேரமும் திறந்தே இருக்கும். நர்ஸ்தான் பதில் பேச ஒரு விசையை அழுத்த வேண்டும். ஆபத்துக்கு மணியடிக்கப் பெட்டியில் ஒரே ஒரு சிவப்புப் பட்டன் உண்டு.

போன வாரம் வெள்ளோட்டத்தின்போது ஒரு பெரியவர் மூச்சுத் திணறி அந்தப் பட்டனை அழுத்தினார். மணியும் அடிக்கவில்லை, மைக்கும் ஊமையாகிவிட்டது. ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்த நர்ஸ் பார்த்ததால் பிழைத்தார்.

காலையில் முதலாளி இருவரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். “தப்பு யாருதோ, அவங்க இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். நர்ஸ் பக்கத்துப் பெட்டியை என் ரூம்ல ஆன் பண்ணி வெச்சிருக்கேன். சரியானதும் கீழேருந்து ஹலோ சொல்லுங்க.”

ஹலோ சொல்லத்தான் வழியில்லை. திருத்திய டிரைவரை அவள் ஏற்றும்போதெல்லாம் திரையில் ஒரே பதில் வந்தது. மைக் பிஸி, தர முடியாது. எந்தச் சிப் எந்த நிரலுக்கு என்று பங்கு பிரிப்பது பெட்டியின் தலைமை நிரலான கெர்னலின் வேலை. ஒரு நிரலுக்குக் கொடுத்ததை இன்னொரு நிரல் கேட்டால் அது கையை விரித்துவிடும்.

“பிஸியாம்!” என்று சிரித்தான் மச்சான். “செத்த பெட்டிக்கு என்ன பிஸி? ஒழுங்கா ஒரு டிரைவர் எழுதத் தெரியல, என் போர்டைக் குறை சொல்ல வந்துட்டா.”

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது அவனுக்கும் தெரியும். அது தெரிந்ததால்தான் இன்னும் உற்சாகமாக இருந்தான்.

“யாரு வெச்சிருக்கா?” என்று தனக்குள் முணுமுணுத்தபடி அவள் படபடவென்று ஏதோ தட்டினாள். திரையையே பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“என்ன, முடிஞ்சுதா?”

“தெரிஞ்சுடுச்சு சார். இந்தத் தப்பு என்னோடதுதான்.”

மச்சானுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் தன் காபிக் கோப்பையை வைக்க இடம் தேடி, பெட்டியை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

“போகப் போறவ கேக்கறேன், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். சிப் கெர்னலைக் கூப்பிட ஒரு கம்பி வேணும். பட்டனுக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணுன்னு படம் குடுத்தீங்க. நிஜமாவே ரெண்டு கம்பியா?”

மச்சான் கதவைப் பார்த்தான். சாத்தியிருந்தது. ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“ஒரே கம்பிதான். போர்டு சின்னதா வேணும்னு மாமா பறந்தாரு, ரெண்டையும் சேர்த்துக் கோத்துட்டேன். பட்டனை அழுத்தினா ரெண்டும் முட்டிக்கிட்டு ஊமையாயிடும். நடு அடுக்குல ஓடுது. உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுக்கேத்த மாதிரி எழுதியிருப்பேனே. அந்தப் பெரியவர் செத்திருப்பாரு சார்.”

“செத்திருந்தா உன் டிரைவர் கொன்னுடுச்சுன்னு சொல்லியிருப்பேன்.”

“மேல போய் இதைச் சொன்னா?”

“போயேன்! யாரு நம்புவா? மாமாவுக்குக் கம்பிக்கும் கயித்துக்கும் வித்தியாசம் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டற ஆளு. அக்கா ஒரு முறை முறைச்சா அடங்கிடுவாரு.”

சொல்லி முடித்ததும் அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சிவப்புப் பட்டன்மேல் விரலைக் கொண்டுபோனான். “செத்ததை இன்னொரு தடவை கொல்லட்டுமா?”

“தொடாதீங்க!”

அவள் போட்ட சத்தத்தில் அவனே திடுக்கிட்டான். பெட்டியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதன்மேல் குனிந்தாள்.

“சார், என் தப்பு ஒண்ணு இருக்கு. புது டிரைவரை ஏத்தறதுக்கு முன்னாடி பழசை எடுக்க மறந்துட்டேன். காலையிலேருந்து மைக்கைத் திறந்தபடியே அதுதான் பிடிச்சு வெச்சிருக்கு. ஹலோ, மேல கேக்குதா சார்?”

மச்சானின் விரல் அந்தரத்தில் நின்றது. செத்த பெட்டி கரகரத்தது.

“நல்லாத் தெளிவாக் கேக்குதும்மா. மச்சானை மேல அனுப்பு.”