சுடுவதற்கு முன் சொன்னது

சேனாபதியின் வேட்டைத் துப்பாக்கி அவர் குரலைக் கேட்டால்தான் சுடும். அவர் இறந்தபின், நியூசிலாந்தில் இருக்கும் மகனுக்கு அதை அனுப்ப, மனைவி வள்ளியாத்தாள் சுங்க அலுவலகத்துக்கு வந்தாள்.

"பழைய குரலை அழிச்சாத்தான் வெளிநாட்டுக்கு அனுமதிங்கம்மா. ஒருக்காக் கேட்டுக்கறீங்களா?" என்றார் அதிகாரி.

பயிரை அழிக்கும் பன்றிகளைக் கணவர் சுட்டதால், ஈவிரக்கமில்லாதவர் என்று வெறுத்து, கடைசிவரை அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை அவள்.

ஒவ்வொரு முறை சுடுமுன்னும் பதிவாகியிருந்த அவர் குரலில் துப்பாக்கி பேசியது: "மன்னிச்சுக்க சாமி. வெள்ளாமை போனா புள்ளைங்க பட்டினி." அடுத்த பதிவிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

"அழிச்சிரலாமுங்களா?"

மகன் ஆசையாகக் கேட்டிருந்தான். வள்ளியாத்தாள் சரியென்று தலையசைத்தாள். மறுகணமே மனம் மாறி, வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அதிகாரி பொத்தானை அழுத்திவிட்டார்.