மூணு தடவை கேட்கும்

“‘நிழல் ராஜ்யம்’ கேம்ல மூணாவது பார்ட்தான் பெஸ்ட்” என்றாள் ஜொவிட்டா.

“போடி லூசு, அஞ்சாவதுதான்” என்றான் மேத்யூ.

காலேஜில் தொடங்கிய சண்டை. இன்றைக்கு மாதா கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது.

“மூணுல வாயே திறக்க வேண்டாம் மேத்யூ. கூட வர்ற ஆள் பக்கத்துல நின்னா போதும், நம்ம மனசு அந்த ஆளுக்குத் தானா புரிஞ்சிடும்.”

“பயந்தாங்கொள்ளிங்களுக்குன்னே பண்ண பார்ட் அது. அஞ்சுல கேள்வி வரும், டைமர் ஓடும். சொல்லலைன்னா கூட வந்த ஆள் வேற பக்கம் போயிடும்.”

“யோசிக்க டைம் வேணாமா?”

“அதான் மூணு தடவை கேட்குதே. அப்புறம் கேட்காது.”

அவன் சிரிக்கவில்லை. காலேஜிலிருந்தே ஜொவிட்டா அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது.

“இப்ப ஏன் இதெல்லாம் சொல்ற?”

“மூணு ஞாயிறு பூசையில என் கல்யாண ஓலையை வாசிச்சாங்க. ‘தடை இருந்தா சொல்லலாம்’னு ஃபாதர் கேட்டப்பல்லாம் உன்னைத்தான் திரும்பிப் பார்த்தேன், ஜொவி.”

மூன்று ஞாயிறும் அவனுக்குப் பின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கே புரிந்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

பூ ஜோடித்த கார் வந்து நின்றது. வெள்ளைப் புடவையில் ஃப்ளோரன்ஸ் இறங்கினாள். மேத்யூ கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“அஞ்சுதான் பெஸ்ட்” என்றாள் ஜொவிட்டா.

அதற்குள் அவன் படியேறிவிட்டான்.