சாயா கிளாஸ்

"சாயா கிளாஸைத் தூக்கினா விரல் ஒடியுமா, டாக்டர் மாமா?" என்று பேச்சியின் மகள் கேட்டாள். தன் விரல் அப்படித்தான் ஒடிந்ததாகப் பேச்சி சொல்லியிருந்தாள்.

"கேட்டாயோ இசக்கிமுத்து? குழந்தையே நம்பலை! ஆம்படையாளை அடிச்சா பகவான் பொறுக்கமாட்டார்!" கொச்சி மட்டாஞ்சேரிக் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்க, டாக்டர் வெங்கிடாசலம் பேச்சியின் புருஷனுக்கு உபதேசித்தார்.

எக்ஸ்ரே வந்ததும் உட்கார்ந்துவிட்டார். விரல் எலும்புக்குள் அபூர்வமான கட்டி. புற்று அல்ல, சுரண்டி எடுத்தால் தீரும் சாதுதான். ஆனால் எலும்பை முட்டையோடாக்கியிருந்தது. ஒடிய ஒரு கிளாஸே போதும்.

கூட்டத்தின் முன்பே கைகூப்பினார். "தப்பு என்னோடதாக்கும்."

"போகட்டும் சாரே," என்றான் இசக்கிமுத்து. " அவ கை ஆறுற வரைக்கும் பாத்திரம் தேய்க்கிறது நான்தான். நீங்களும் வீட்ல தேய்ப்பீங்கதானே?"

டாக்டர் இருமினார்.

அன்று மனைவி கமலாக்ஷி கோயிலுக்குப் போனதும், கல்யாணமான இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தம் காப்பி டம்ளரைத் தாமே தேய்த்துக் கவிழ்த்துவைத்தார்.