முன் வலது சீட்

கைபேசி மேசைமேல் அதிர்ந்தது.

கார் சூடாகத் தொடங்கியிருந்தது.

அவள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். திரையில், மேலிருந்து பார்த்தது போல ஒரு காரின் படம். உள்ளே மூன்று சீட்டுகள் சிவந்திருந்தன.

அவள் கண் ஒன்றில் மட்டும் நின்றது. முன் வலது.

‘நிறுத்து’ என்பதை அழுத்தினாள்.

சிவப்பு அணைந்தது.

நகரத்தின் மறுகோடியில், ஒரு காருக்குள், குளிர் திரும்பி வந்து உட்கார்ந்தது.

இப்போது அது அவனுடைய கார்.

வாங்கிய நாளில் இருவருடையதாக இருந்தது. அவன் மின்சாரக் கார் கேட்டான். அவள் பெட்ரோல் கார் கேட்டாள். இரண்டிலும் ஓடும் ஒன்றை வாங்கினார்கள். அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது அதில்தான்.

பிரிந்தபோது கார் அவனோடு போனது. அதை இயக்கும் செயலி அவள் கைபேசியிலும் இருந்தது. அதைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

நோர்வேயின் வடக்கே, ட்ரொம்சோவில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. அவன் வேலைக்குப் புறப்படுமுன் வீட்டுக்குள் நின்றபடியே காரைச் சூடாக்குவான். முதல்முறை அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சீட்டுகள் சிவந்தன. இடது, ஓட்டும் அவனுக்கு.

வலது, முன்பு அவள் உட்கார்ந்த இடம்.

மகளுக்குப் பள்ளி நடந்து போகும் தூரம். காரில் அவள் இடம் பின்னால்.

அப்படியென்றால், யாருக்கு?

அவள் கேட்கவில்லை. நிறுத்தினாள்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் நிறுத்தினாள்.

என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியெல்லாம் பனி இறுகியிருக்கும். கையுறையோடு சுரண்டுவான். சார்ஜ் மூடி உறைந்து ஒட்டியிருக்கும். குனிந்து வாயால் ஊதுவான். கேபிள் கம்பிபோல விறைத்து, சுருட்ட வராது. வண்டியை எடுத்ததும் பெட்ரோல் என்ஜின் உறுமும். அந்தக் குளிரில் உள்ளே சூடு வேண்டுமென்றால் அது எழும்பித்தான் ஆகவேண்டும். மின்சாரத்தில் மட்டுமே ஓடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் அவன்.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டு தேநீர் குடிப்பாள். அந்தத் தேநீருக்குத் தனி ருசி இருந்தது.

அவன் காரைப் பழுதுபார்க்கும் கராச்சுக்குக் கொண்டுபோனான். பியூஸ் மாற்றினார்கள். சின்ன பேட்டரியை மாற்றினார்கள். மறுபடியும் கொண்டுபோனான்.

“அப்பான்ர காருக்குப் பேய் பிடிச்சிருக்காம்,” என்று ஆரணி வந்து சொன்னாள். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே இருக்கும் மகள்.

பேய் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது.

மறுபடி மூன்று சீட்டுகள். விரல் தானாகப் போனது. நிறுத்து.

பிறகுதான் மூன்று என்பது மனதில் பட்டது.

மூன்றாவது, பின் வலது.

இன்று சனிக்கிழமை. இந்த வாரம் மகள் அவனிடம். ஆரணிக்கு நீச்சல் வகுப்பு முடியும் நேரம்.

திரையின் மூலையில் வெளிக்குளிர் தெரிந்தது. மைனஸ் பதினைந்து.

ஆரணிக்கு அடர்த்தியான முடி. எவ்வளவு துவட்டினாலும் அடியில் ஈரம் நிற்கும்.

கைபேசி ஒலித்தது. அவன் பெயர். அவன் அழைத்து மாதங்கள் ஆகியிருந்தன.

எடுத்தாள். பேசியது மகள்.

“அம்மா, நீச்சல் மண்டப வாசல்ல நிக்கிறம். அப்பா பேயிட்ட ஒண்டு சொல்லச் சொன்னவர்.”

அவள் கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

“முன்னுக்கு நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டட்டாம். பின்னுக்கு என்ர சீட்டை மட்டும் விடட்டாம். அப்பாக்குப் பக்கத்தில அவற்ற சாப்பாட்டுப் பைதான் இருக்கிறதாம். அதுக்குக் குளிராதாம்.”

மகளுக்குப் பின்னால் அவன் தொண்டையைச் செருமினான். சாவிக்கொத்து குலுங்கியது.

அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

“அம்மா, கேக்குதோ?”

“கேக்குது.” முகம் சுட்டது. “தொப்பியைக் காது மூடப் போடு, செல்லம். அப்பாட்டச் சொல்லு, கண்ணாடியை அவர் கையாலயே சுரண்டட்டும்.”

வைத்தாள்.

படத்தில் பின் வலது சீட்டைத் தொட்டாள். சிவந்தது.

கூடவே முன் வலதும் சிவந்தது.

அதை அவள் தொடவே இல்லை.

இத்தனை நாளும் நிறுத்தத்தான் செய்திருந்தாள். ஒருநாளும் தொடங்கியதில்லை. விரலை அதன்மேல் அழுத்திப் பிடித்தாள். கீழே ஒரு சொல் விரிந்தது.

எப்போதும்.

கார் வந்த முதல் குளிர்காலம். அவளுக்கு விரல் நுனியிலிருந்து குளிரும். அவனுக்கு இந்த அமைப்புகளில் பொறுமை இல்லை. அவள்தான் உட்கார்ந்து எல்லாம் செய்தாள். எந்தச் சீட், எவ்வளவு சூடு, எப்போது. தன் சீட்டுக்கு, கார் சூடாகும்போதெல்லாம். செய்துவிட்டு மறந்துபோனாள்.

அவன் அதை மாற்றவில்லை. மாற்றத் தெரியவில்லையோ, என்னவோ.

முன் இடது சீட் கறுப்பாகக் கிடந்தது. கிடக்கட்டும்.

வலதின்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதிக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

நகரத்தின் மறுகோடியில், உறைந்த கண்ணாடிகளுக்குள்ளே, ஒரு சாப்பாட்டுப் பை மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.