கோப்பையில் ஒரு கறை

'நாலு பேர் பார்க்க ஒருத்தனைத் திட்டினா...' என்று மாமனார் ஏதோ சொல்வார். அதற்குப் பிறகு என்ன வரும்? கடைக்காரருக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

காலையில் அவருடைய கம்ப்யூட்டர் கடையில் நாலு பேர் இல்லை, ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். அவர் முன்னால்தான் கடைக்காரர் தன் மச்சானை நார் நாராகக் கிழித்திருந்தார்.

"விசிறிக்கு அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிக்காமலா மாட்டுவே? சூடு எப்படிடா இறங்கும்? கம்ப்யூட்டர் அணையாம என்ன செய்யும்? கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு? நாளையிலேர்ந்து கடைப் பக்கம் வராதே. சாவியைக் கொடுத்துடு!"

"சாவி வீட்டுல இருக்கு அத்தான். சாயங்காலம் கொண்டாந்து தர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மச்சான் தன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது சாயங்காலம். சாப்பாட்டு மேஜையில், மகளுக்காகக் கடைக்காரர் தன் கையாலேயே பூட்டிய புத்தம்புதுக் கம்ப்யூட்டர் விலாப்பக்கம் திறந்து கிடந்தது. பட்டனை அமுக்கினால் உயிர் வந்தது. திரையில் படம் வந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் பொசுக்கென்று அணைந்தது.

மகளுக்கு இன்னும் சற்று நேரத்தில் முதல் வேலைக்கான ஆன்லைன் இன்டர்வியூ. கேள்வி கேட்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டின் வரைபடத்தை வரைந்து காட்ட வேண்டும். அந்த சாஃப்ட்வேர் போனில் ஓடாது.

"அப்பா, நேரம் ஆயிட்டே இருக்கு. சொன்ன நேரத்துல நான் வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்கப்பா."

"ஓடிடும்மா. நீ உள்ளே போய் பதில் சொல்லிப் பழகு."

பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார். ரேமைக் கழற்றி ஊதி மாட்டினார். ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தார். பாகங்களை விற்றவனைத் திட்டினார். மேஜையை ஈரத்துணியால் துடைத்த பாவத்துக்கு மனைவியையும் விடவில்லை. வாங்கி வந்த ஒவ்வொன்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. தன் கையின் மேல் மட்டும் வரவில்லை.

"தம்பி மாதிரியே நீங்களும் எதையாவது உரிக்காம..." என்று மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"நான் என்ன உன் தம்பியா? தூக்கத்துல எழுப்பி விட்டாக்கூட ஒழுங்கா பூட்டுவேன்!"

"சரி, அவனையாவது கூப்பிடட்டுமா?"

"செத்தாலும் வேண்டாம்."

வாசல் மணி அடித்தது. மச்சான்தான். தோளில் பை, கையில் சாவி.

சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் திரும்பியவன் மேஜையைப் பார்த்தான்.

"என்ன அத்தான், அணையுதா?"

"இல்லை, கண்ணடிச்சு விளையாடுது!"

மச்சான் பட்டனை அமுக்கினான். அணையும் வரை காத்திருந்தான். உள்ளே கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்தான். அத்தானின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"கரண்ட்டுல சந்தேகமா இருக்கு. கீழே மீட்டர் பெட்டியில உங்க ஃப்யூஸ் சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டு வந்துடுங்களேன்."

"எனக்கே வேலை வைக்கிறான் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தனை மாடியும் இறங்கினார் கடைக்காரர்.

ஃப்யூஸ் கல்லு மாதிரி இருந்தது. மூச்சு வாங்க அவர் மேலே ஏறி வந்தபோது மச்சான் பக்கத்துத் தகட்டை மூடித் திருகிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னடா செஞ்சே?"

"பெரிசா ஒண்ணுமில்லை அத்தான். முன்பக்கத்துப் பட்டன் அமுங்கின வாக்குலயே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பெட்டி செஞ்சவன் குத்தம். நீங்க பூட்டினதுல ஒரு குறையும் இல்லை."

"அதானே!" கடைக்காரர் மனைவியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு மச்சானிடம் திரும்பினார். "இத்துனூண்டு பட்டன் கண்ணுக்குத் தெரியுது. இந்தக் கண்ணு காலையில எங்கடா போச்சு?"

மச்சான் அக்கா கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு, "வர்றேங்க்கா" என்று படியிறங்கினான்.

மூடிய கதவுக்குப் பின்னால் மகள் பேசுவதும், நடுநடுவே சிரிப்பதும் கேட்டது. கடைக்காரரும் மனைவியும் டி.வி.யைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தது.

"அப்பா! திங்கக்கிழமையே வந்து சேரச் சொல்லிட்டாங்க! ஒரு தடவைகூட அணையலைப்பா!"

கடைக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி, "நல்லவேளை, சாவி கொடுக்கிற சாக்குல தம்பி வந்தான்" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவப் போனாள்.

போனவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இது என்ன கறைங்க? எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது!"

மச்சான் காபி குடித்த வெள்ளைக் கோப்பை. அதன் பிடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

கடைக்காரர் கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நாள் தவறாமல் அவர் கையில் ஒட்டுகிற கறைதான். விசிறிக்கு அடியில், சிப்பின் மேல் தடவுகிற பசை. விசிறியைக் கழற்றாமல் அது யார் விரலிலும் ஒட்டாது. பட்டன் பக்கம் அதற்கு வேலையே இல்லை.

விசிறியை மாட்டும்போது அடியிலிருந்த தாளை உரித்தோமா? யோசித்துப் பார்த்தார். உரித்ததாக ஞாபகமே இல்லை.

"உங்க அப்பா ஒண்ணு சொல்வாரே... நாலு பேர் பார்க்க ஒருத்தனைத் திட்டினான்னு..."

"அவர் எவ்வளவோ சொன்னார். நீங்க எதைக் காதுல வாங்கினீங்க?"

கடைக்காரர் போனை எடுத்தார். மச்சானைக் கூப்பிடவில்லை. காலையில் வந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்குக் கடை திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா? என் மச்சான்கிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும். அப்ப நீங்களும் பக்கத்துல இருக்கணும்."

பிறகு ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார்.